2,000 ரிங்கிட்டுக்குள் எடை குறைந்த மடிக்கணினி: பார்த்து வாங்கும் முறை

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ முதல் மடிக்கணினி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் கடை ஏறுகிறார்கள்: "இரண்டாயிரத்துக்குள்ள எது நல்லா இருக்கும்?" இதற்கு ஒரு மாடல் பெயரைச் சொல்லிவிடலாம். ஆனால் மூன்று மாதத்தில் அந்த மாடல் கடையில் இருக்காது. எதை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டால் அடுத்த முறையும் அது கைகொடுக்கும்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விலையும் குறைய வேண்டும், எடையும் குறைய வேண்டும் என்றால், தயாரிப்பாளர்கள் பாகங்களைத் தாய்ப்பலகையிலேயே (மதர்போர்டு) பற்றவைத்துவிடுகிறார்கள். சாக்கெட் மிச்சம், உயரம் மிச்சம், செலவும் மிச்சம். அப்படிப்பட்ட கருவியில் வாங்குகிற அன்று என்ன இருக்கிறதோ அதுதான் கடைசிவரை. அதனால் பின்னால் மாற்ற முடியாதவற்றை முதலில் பார்க்க வேண்டும். மவுஸ், பை, ஆபீஸ் மென்பொருள், இலவசமாகத் தரும் ஹெட்போன் எல்லாம் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: என்ன வேலை என்று எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கு வரி போதும். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்றால் டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்), கூகுள் கிளாஸ்ரூம், வேர்டில் பாடக்குறிப்பு, எப்போதாவது கூகுள் மீட். கல்லூரி மாணவர் என்றால் இருபது முப்பது உலாவித் தத்தல்கள் (டேப்), பிடிஎஃப், பவர்பாயிண்ட். வீட்டிலிருந்து சமையல் ஆர்டர் எடுக்கும் அக்காவுக்கு எக்செல் கணக்கு, வாட்ஸ்அப் வெப், மின்விலைப்பட்டியல், வங்கித் தளம். இவை எல்லாமே இந்த விலைக்குள் வரும் கருவியால் முடியும். காணொளித் தொகுப்பு, ஆட்டோகேட், பெரிய விளையாட்டுகள் வேண்டும் என்றால் எடை குறைந்த மலிவு மடிக்கணினி அதற்கு ஏற்றதல்ல. அந்தப் பணத்தை இதில் போடாதீர்கள்.

விண்டோசில் மட்டும் ஓடும் மென்பொருள் ஏதாவது உண்டா என்பதையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எதுவுமே இல்லை, எல்லாம் உலாவியில்தான் என்றால் விண்டோசுக்குப் பதில் கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக்கும் ஒரு வழி. அதை வாங்குவதானால் அந்த மாடலுக்குத் தானியங்கிப் புதுப்பிப்பு எந்த ஆண்டோடு முடிகிறது என்று பாருங்கள். கூகுள் தரும் 10 ஆண்டு, அந்தக் கருவியின் அடித்தளம் வெளியான நாளிலிருந்து கணக்காகிறது. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. கடையில் இரண்டு மூன்று ஆண்டுகள் கிடந்த குரோம்புக்கில் அந்த ஆண்டுகள் போனதுதான்.

படி 2: ரேமும் சேமிப்பகமும்

ஏமாற்றம் அதிகம் நடப்பது இந்த இடத்தில்தான், ஆகவே நிதானமாகப் பாருங்கள்.

ரேம் என்பது கணினி வேலை செய்யும்போது திறந்திருப்பவற்றை வைத்துக்கொள்ளும் தற்காலிக நினைவகம். விண்டோஸ் 11 ஓட 4 ஜிபி ரேம் போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது குறைந்தபட்ச அளவு. நடைமுறையில் கணினியைத் திறந்து சும்மா வைத்தாலே 3 ஜிபிக்கு மேல் விண்டோசே எடுத்துக்கொள்ளும். குரோமில் ஐந்தாறு தத்தல் திறந்ததும் ரேம் நிரம்பிவிடும். நிரம்பியதும் விண்டோஸ் சேமிப்பகத்தின் ஒரு பகுதியை ரேம்போலப் பயன்படுத்தத் தொடங்கும். அந்தச் சேமிப்பகமும் மெதுவானது என்றால் மவுஸ் அம்புக்குறி நின்று நின்று நகரும், தட்டச்சு செய்த எழுத்து இரண்டு நொடி கழித்து வரும். "வைரஸ் வந்துவிட்டது" என்று பழுதுபார்க்கக் கொண்டுபோகும் புதுக் கணினிகள் பலவற்றின் உண்மையான நோய் இதுதான்.

ஆகவே 8 ஜிபிக்குக் கீழே எதையும் வாங்காதீர்கள். 16 ஜிபி கிடைத்தால் இன்னும் நிம்மதி, ஆனால் 2025 இறுதியிலிருந்து ரேம் விலை ஏறியிருப்பதால் இந்த விலைக்குள் அது அரிது. 8 ஜிபி என்றாலும் மேலே கூட்ட முடியுமா என்று கேளுங்கள். கடையிலேயே பார்க்கவும் வழி உண்டு: கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொடுங்கள். ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ரேம் பற்றவைத்தது. 'எஸ்ஓ-டிம்' என்று இருந்தால் கழற்றி மாற்றும் வகை.

சேமிப்பகத்தில் இரண்டு பெயர்கள் தெரிய வேண்டும்: எஸ்எஸ்டி, இஎம்எம்சி. விளம்பரத்தில் இரண்டும் '128 ஜிபி' என்றே இருக்கும். இஎம்எம்சி என்பது கைப்பேசிக்காக வந்த வகை, பலகையில் பற்றவைத்தது. அதன் பாதை நொடிக்கு அதிகபட்சம் 400 எம்பிதான், அதுவும் ஒரே நேரத்தில் ஒன்று படிக்கும் அல்லது எழுதும், இரண்டையும் சேர்த்துச் செய்யாது. பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைக் கடையில் மதிய நேரத்தில் ஒரே ஆள் பரிமாறி, அவரே கல்லாவிலும் நின்றால் எப்படி இருக்குமோ அப்படி. என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் சாதாரணமானதே நொடிக்கு 2,000 எம்பியைத் தாண்டும், இரண்டு வேலையும் சேர்ந்தே நடக்கும்.

64 ஜிபி இஎம்எம்சி கொண்ட கருவியை எந்த விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம் என்றே சொல்வோம். விண்டோசில் அது 58, 59 ஜிபியாகத்தான் தெரியும். அதில் பாதி அளவை விண்டோசும் அதன் மீட்புக் கோப்புகளும் பிடித்துக்கொள்ளும். ஓராண்டு கழித்து வரும் பெரிய புதுப்பிப்புக்கு இடம் போதாது. பாதியில் நின்று, திரும்பத் திரும்ப முயன்று, கடைசியில் பாதுகாப்புப் புதுப்பிப்பே இல்லாமல் ஓடும். 256 ஜிபி எஸ்எஸ்டி குறைந்தபட்சம். 512 இருந்தால் நல்லது, ஆனால் இந்த ஒன்றில் விட்டுக்கொடுக்கலாம், ஏனென்றால் எம்.2 வகை எஸ்எஸ்டியை (சிறிய பட்டையாகச் செருகும் வகை)ப் பிற்பாடு பத்து நிமிடத்தில் மாற்றிவிடலாம்.

இணையக் கடைகளில் இன்னும் இரண்டு கணக்கு வேலைகள் உண்டு. '64 ஜிபி + 1 டிபி' என்று போட்டிருந்தால் அந்த 1 டிபி இணையச் சேமிப்பகம், ஓராண்டு சந்தாவாக இருக்கலாம். '128 ஜிபி' என்று போட்டு 64 ஜிபியோடு ஒரு மெமரி கார்டைச் செருகித் தருவதும் நடக்கிறது. பெயர் கேள்விப்படாத தயாரிப்பில் 16 ஜிபி, 1 டிபி என்று ஆசைகாட்டும் விலையைப் பார்த்தால், செயலியின் (பிராசசர்) பெயரையும் சேமிப்பகத்தின் வகையையும் விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

படி 3: செயலி

பாயான் லெப்பாஸில் இன்டெல் ஆலை 1972 முதல் இயங்குகிறது. நாம் வாங்கும் சில்லு அங்கே பொதி செய்யப்பட்டதாகவும் இருக்கலாம். ஆனால் பெட்டியில் ஒட்டியிருக்கும் இன்டெல் ஸ்டிக்கரை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. எண்ணைப் படிக்க வேண்டும்.

செலரான் என்4020, என்4500 இரண்டிலும் இரண்டே கோர்கள் (செயலிக்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகள்). முன்னது 2019இல் வந்தது, பின்னது 2021இல். புதுப் பெட்டியில் வந்தாலும் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். இன்டெல் என்100, என்150, என்200 ஆகியவற்றில் நான்கு கோர்கள்; எழுத்து வேலை, உலாவி, காணொளிக் கூட்டம் மூன்றுக்கும் போதும். மின்சாரம் குறைவாகக் குடிப்பதால் விசிறி இல்லாத மெல்லிய கருவிகளிலும் வரும். கோர் ஐ3-1215யு என்பதில் ஆறு கோர்கள். விலை இடம் கொடுத்தால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏஎம்டியில் ஒரு மயக்கம் இருக்கிறது. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்று இரண்டு பெயர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். முன்னதில் நான்கு கோர்கள், 2019இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. பின்னதில் ஆறு கோர்கள், அடுத்த தலைமுறையான ஜென் 3. இந்த நான்கிலக்க எண்ணில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பைச் சொல்கிறது. '2' என்றால் பழையது. 7320யுவும் அதே பழைய குடும்பம்தான், கோர் எண்ணிக்கையும் அதேதான். ஆகவே 'ரைசன் 3', 'ரைசன் 5' என்ற பெயருக்காக மட்டும் 7320யுவை விட்டு 7520யுவுக்கு நூறு நூறாகக் கூடக் கொடுக்க வேண்டியதில்லை. அன்றாட வேலைக்கு இரண்டும் தாராளம். ஆனால் இரண்டிலும் ரேம் பற்றவைத்தது, கூட்ட முடியாது.

ஸ்னாப்டிராகன் கருவிகளில் (இன்டெல், ஏஎம்டி அல்லாத, கைப்பேசி வகைச் சில்லு கொண்டவை) பேட்டரி நன்றாக நிற்கும். பழைய பிரிண்டர், வங்கி டோக்கன், தேர்வுக்கான பூட்டு உலாவி போன்றவை அதில் ஓடுமா என்று உங்கள் கல்லூரியிலோ அலுவலகத்திலோ கேட்டுவிட்டு வாங்குங்கள்.

படி 4: திரையும் விசைப்பலகையும்

இவற்றை இணையத்தில் பார்த்து முடிவு செய்ய முடியாது. கோலாலம்பூர் லோ யாட்டிலோ பினாங்கு கொம்தார் பக்கத்துக் கடைகளிலோ காட்சிக்கு வைத்திருக்கும் கருவியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

திரையை மெல்லப் பின்னால் சாய்த்துப் பாருங்கள். நிறம் வெளிறிப் போய் கறுப்பு சாம்பலானால் அது டிஎன் வகை. ஐபிஎஸ் வகையில் எந்தக் கோணத்திலும் நிறம் பெரிதாக மாறாது. 1366×768 திரை இன்னும் சில மலிவுக் கருவிகளில் வருகிறது. அதில் ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தைத் திறந்து பாருங்கள்: சிறிய எழுத்தில் மெய்யெழுத்தின் புள்ளி மேல்கோட்டோடு ஒட்டிக்கொள்ளும், 'ன'வும் 'ண'வும் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் பிரியும். தமிழ் படிப்பவர்களுக்கு 1920×1080 ஆடம்பரமல்ல, தேவை. 16:10 விகிதத் திரையாக, அதாவது 1920×1200 ஆகக் கிடைத்தால் வேர்டில் இன்னும் சில வரிகள் கூடுதலாகத் தெரியும்.

பிரகாசத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். மலிவுக் கருவிகளில் 250 வழக்கம். அறைக்குள் அது போதும், ஐந்தடிப் பாதையோரக் கோப்பிக் கடை மேசையில் பகல் நேரத்தில் போதாது.

விசைப்பலகையில் ஒரு பத்தி தட்டச்சு செய்யுங்கள். நடுப்பகுதியை விரலால் அழுத்தும்போது பலகை குழிந்தால் சட்டம் மெலிந்தது என்று அர்த்தம். தமிழ் எழுத்துப் பொறித்த விசைகள் இங்கே கிடைப்பதில்லை, அதற்காகக் கவலை வேண்டாம். விண்டோஸ் 11இல் மொழி அமைப்புக்குள் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைமுகங்களும் இருக்கும். விண்டோஸ் விசையோடு ஸ்பேஸை அழுத்தினால் மொழி மாறும்.

படி 5: எடை, பேட்டரி, சார்ஜர்

விளம்பரத்தில் 1.3 கிலோ என்றால் அது கணினி மட்டும். நம் நாட்டு மூன்று முள் செருகியும் தடித்த வடமும் கொண்ட பழைய பாணி சார்ஜர் சேர்ந்தால் கால் கிலோவுக்கு மேல் கூடும். பட்டர்வொர்த்திலிருந்து படகு ஏறி, பேருந்து பிடித்து தினமும் போகிறவரின் தோளுக்குத் தெரிவது மொத்த எடைதான். சார்ஜரையும் கையில் எடுத்துப் பாருங்கள். மொத்தம் 1.7 கிலோவுக்குள் இருந்தால் இந்த விலைக்கு அது நல்ல எடை.

யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஆகும் மாடலுக்கு முன்னுரிமை கொடுங்கள். 45 அல்லது 65 வாட் சார்ஜர் ஒன்று கைப்பேசிக்கும் கணினிக்கும் பொதுவாகிவிடும், உடைந்தால் எந்தக் கடையிலும் வாங்கலாம். யுஎஸ்பி-சி துளை இருப்பதாலேயே அது சார்ஜ் ஏற்கும் என்று நினைக்காதீர்கள். சில மாடல்களில் அது கோப்பு மாற்றத்துக்கு மட்டும். கடையிலேயே செருகிப் பார்த்துவிடலாம்.

'12 மணி நேரம்' என்ற வாசகத்தை விட்டுவிட்டு, பேட்டரியின் வாட்-மணி அளவைத் தேடுங்கள். 42 வாட்-மணி பேட்டரி, உலாவியும் வேர்டும் ஓடும்போது சராசரியாக 7 வாட் எடுத்தால் 42 ÷ 7 = 6 மணி நேரம். காணொளிக் கூட்டத்தில் இது இன்னும் குறையும். காலை முதல் மாலை வரை வகுப்பில் இருப்பவர் 50க்கு மேல் பார்க்க வேண்டும்.

படி 6: கடையில்

ஒரே மாடலுக்கு மூன்று கடையில் விலை கேளுங்கள். மாடலின் முழு எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வது முக்கியம், ஏனென்றால் ஒரே பெயரில் 8 ஜிபியும் 16 ஜிபியும், ஐபிஎஸ்சும் டிஎன்னும் வரும். "அது ஸ்டாக் முடிஞ்சிருச்சு பாஸ், இதே விலைக்கு இன்னும் நல்லது இருக்கு" என்று வேறொன்றைக் காட்டினால், அவசரப்படாமல் படி 2இலிருந்து மறுபடி பாருங்கள். அதை எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. சில கடைகள் சொல்வது ரொக்க விலை. கடன் அட்டை என்றால் கூடும். அதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். பெட்டியின் தொடர் எண்ணும் கணினியின் அடியில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் இட்டு, உத்தரவாதம் மலேசியாவில் செல்லுமா, எத்தனை ஆண்டு என்று பாருங்கள். ஏபி செட் என்று சொல்லப்படும் நேரடி இறக்குமதிக்குக் கடை உத்தரவாதம் மட்டுமே இருக்கக்கூடும். சார்ஜரில் சிரிம் (மலேசியத் தரநிலை நிறுவனம்) முத்திரை இருக்கிறதா என்றும் கவனியுங்கள்.

பிறகு கணினியைத் திறந்து கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முழுத்திரையில் வெள்ளை, கறுப்பு, சிவப்புப் படங்களைப் போட்டால் செத்த புள்ளிகள் தெரியும். எல்லா விசைகளையும் ஒருமுறை தட்டுங்கள். கேமரா, ஒலிவாங்கி, இரண்டு பக்கத்து யுஎஸ்பி, எச்டிஎம்ஐ ஒவ்வொன்றையும் சோதியுங்கள். அமைப்புகளில் ஆக்டிவேஷன் பகுதியைத் திறந்து விண்டோஸ் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். 'எஸ் மோட்' (மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் உள்ள மென்பொருளை மட்டும் ஏற்கும் முறை) என்று இருந்தால் பயப்பட வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து இலவசமாக மாற்றிக்கொள்ளலாம். திரும்ப எஸ் மோடுக்கு மட்டும் போக முடியாது.

ரசீதில் முழு மாடல் எண், தொடர் எண், ரேம், சேமிப்பகம், உத்தரவாதக் காலம் எல்லாம் எழுதியிருக்க வேண்டும். "ஒரு லேப்டாப்" என்று மட்டும் எழுதிய ரசீதை வாங்காதீர்கள். சொன்னது ஒன்று கொடுத்தது ஒன்று என்று தகராறு வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமலே நீங்கள் தொடுக்கலாம். கட்டணம் 5 ரிங்கிட். அங்கே பேசப்போவது அந்த ரசீதுதான். பினாங்கில் இருப்பவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடமும் ஆலோசனை கேட்கலாம்.

பழையது வாங்குவதானால்

இந்த விலைக்குள் புதிய மலிவுக் கருவியைவிட, நிறுவனங்கள் கழித்துவிட்ட திங்க்பேட், லேட்டிடியூட், எலைட்புக் வகைகள் பல நேரம் மேலானவை: திடமான சட்டம், நல்ல விசைப்பலகை, மாற்றக்கூடிய பாகங்கள். ஆனால் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும். ஐ5-7300யு ஏழாம் தலைமுறை, ஐ5-8250யு எட்டாம் தலைமுறை. கோட்டுக்குப் பின் வரும் முதல் இலக்கத்தைப் பாருங்கள். முதல் இலக்கம் 1 என்றால் முதல் இரண்டு இலக்கங்களையும் சேர்த்துப் படியுங்கள்: ஐ3-1215யு பன்னிரண்டாம் தலைமுறை. ஏழாம் தலைமுறையில் விண்டோஸ் 11ஐ வலிந்து ஏற்றி விற்பவர்களும் உண்டு.

பேட்டரியைச் சோதிக்க: தேடல் பெட்டியில் சி, எம், டி என்று ஆங்கிலத்தில் இட்டுக் கறுப்புச் சன்னலைத் திறங்கள். பவர் என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி எழுத்துகளை ஒட்டி எழுதி, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடு போட்டு, பேட்டரி, ரிப்போர்ட் இரண்டு சொற்களையும் ஒட்டி எழுதி எண்டரைத் தட்டுங்கள். அறிக்கை சேமிக்கப்பட்ட இடத்தைக் காட்டும். அதில் டிசைன் கெபாசிட்டி 50,000, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 31,000 என்று இருந்தால் பேட்டரியில் 62 விழுக்காடுதான் மிச்சம். 70க்குக் கீழே இருந்தால் புது பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

அடுத்தது பூட்டு. கணினியை முழுதாக ரீசெட் செய்யச் சொல்லி, வைஃபையில் இணைத்துத் தொடக்க அமைப்பைப் பாருங்கள். ஏதாவது நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவு கேட்டால் அது இன்னும் அந்த நிறுவனத்தின் பதிவில் இருக்கிறது, வாங்கவே வாங்காதீர்கள். பயாசுக்குள் (விண்டோசுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பு) நுழையக் கடவுச்சொல் கேட்டாலும் அப்படியே. மேக்புக் ஏர் எம்1 பார்ப்பவர்கள் பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே காசைக் கொடுங்கள். 1.29 கிலோ எடையில் விசிறியே இல்லாத அந்தக் கருவி 2020இல் வந்தது, இன்றும் அன்றாட வேலைக்குச் சளைக்காது. ரேமும் சேமிப்பகமும் அதிலும் பற்றவைத்தவைதான்.

முதல் வாரம்

வீட்டுக்கு வந்ததும் எல்லாப் புதுப்பிப்புகளையும் முதல் நாளே ஏற்றுங்கள். தேவையில்லாமல் வந்த சோதனைக்கால ஆன்டிவைரசை நீக்கிவிடலாம், விண்டோஸ் டிஃபெண்டர் போதும். தயாரிப்பாளரின் மென்பொருளில் சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருந்தால், செருகியபடியே பயன்படுத்துபவர்கள் அதைப் போட்டுவைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் நிறுத்திய காருக்குள் கணினியை விட்டுவைத்தால் அந்த வசதியாலும் பேட்டரியைக் காப்பாற்ற முடியாது.

திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள் உங்கள் உண்மையான ஒரு நாள் வேலையை முழுதாக அதில் செய்துபாருங்கள்: ஒரு மணி நேரக் காணொளிக் கூட்டம், கூடவே பத்துத் தத்தல், ஒரு வேர்டு கோப்பு. மூடி வைத்த கணினி பைக்குள் சூடாகிறதா, மறுநாள் காலையில் பேட்டரி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கவனியுங்கள். குறை தெரிந்தால் அன்றே கடைக்குப் போங்கள். பெட்டியையும் நுரையையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.

வருமான வரி கட்டுபவர்கள் ரசீதைத் தங்கள் பெயரில் வாங்கியிருக்க வேண்டும். வியாபாரத்துக்கு அல்லாமல் தனக்கோ துணைக்கோ பிள்ளைக்கோ வாங்கிய கணினி, வாழ்க்கைமுறைக் கழிவான 2,500 ரிங்கிட்டுக்குள் அடங்கும். கடை ரசீதின் மை ஓராண்டிலேயே மங்கிவிடும். உள்நாட்டு வருமான வரி வாரியமோ 7 ஆண்டுகள் ஆவணத்தை வைத்திருக்கச் சொல்கிறது. வாங்கிய அன்றே படம் எடுத்து, மின்னஞ்சலில் ஒரு பிரதி போட்டுவையுங்கள்.